உப்பக்கா வரையாத படங்கள்

கை முதலில் காதைத்தான் வரைந்தது.

அதுவரை ரெமிஜியுஸ் நாற்காலியில் சாய்ந்து, மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு, எதற்கும் மசிய மாட்டேன் என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் காலமெல்லாம் இழுவைப்படகு ஓட்டி ஓய்வுபெற்றவர். தன்னைவிடப் பல மடங்கு பெரிய கப்பல்களை இழுத்துக் கட்டியவரை ஒரு மடிக்கணினி அசைத்துவிடும் என்று அவர் நம்பவில்லை. ஆனால் வெள்ளைத் திரையின் ஓரத்தில், கண்ணையும் மூக்கையும் தொடாமல், ஒரு காதுமடலின் மேல்வளைவு மட்டும் மெல்ல உருவானபோது முன்னால் குனிந்தார். வளைவு முடிந்த இடத்தில் கோடு ஒரு கணம் நின்றது. பிறகு அதே வளைவின் மேல், சற்று அழுத்தமாக, இன்னொரு முறை ஓடியது.

"ரெண்டு தடவ," என்றார் ரெமிஜியுஸ்.

அவர் மனைவி மெர்சலின் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு முற்பகலில், மீன் கழுவிக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று சுவரில் சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இணையத்தில் அவளைப் பின்தொடர்ந்த லட்சக்கணக்கானவர்களுக்கு அவள் உப்பக்கா. 'உப்புக்காத்து' என்ற பெயரில் படம் போட்டதால் வந்த பட்டம். யாரை வரைந்தாலும் காதில்தான் தொடங்குவாள், அதன் மேல்வளைவை இரண்டு தடவை ஓட்டுவாள். முகம் ஆளுக்கு ஆள் மாறும், காது குடும்பத்துக்கு ஒன்று என்பது அவள் கட்சி.

"இது படம் போடுற மெஷின் இல்ல சார். படம் போட ஊருக்கு ஆயிரம் மெஷின் இருக்கு," என்றாள் எதிரில் இருந்த சுடர்மதி. சென்னையில் 'நீட்சி' என்ற நிறுவனத்தில் பொறியாளர். "இது அக்காவோட கை. அவங்க பேனா எவ்வளவு சாய்ஞ்சது, எங்க அழுத்துச்சு, எதை அழிச்சு மறுபடி போட்டாங்க, பதினோரு வருஷமும் அப்படியே பதிவா இருக்கு. ரசிகருங்க வரையப் பழகட்டும்னு அவங்களே எல்லாத்தையும் சேமிச்சு வெச்சிருந்தாங்க. அதுலேருந்துதான் இந்தக் கை கத்துக்கிச்சு."

இறந்தவரின் உடலசைவுப் பதிவுகள் வாரிசுகளுக்கே சொந்தம் என்று சட்டம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. முதலில் ஓராண்டுக்குத் தற்காலிக ஒப்புதல். அந்த ஓராண்டில் வாரத்துக்குச் சில படங்கள் மட்டும் வரையலாம். பிறகு நிரந்தர ஒப்புதல். கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. நிறுவனம் கைமாறினாலும் வாரிசுகள் மறைந்தாலும் கை வரைந்துகொண்டே இருக்கும். கொடுக்காவிட்டால் கையை அழித்துவிட வேண்டும்.

திரையில் ஒரு முதியவரின் முகம் முழுதாக வந்திருந்தது. ரெமிஜியுஸ் சென்னையிலிருந்த மகள் பெனிட்டாவைக் கூப்பிட்டு, போனைத் திரைக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்க இஷ்டம்ப்பா," என்றாள்.

அதைச் சம்மதமாகத்தான் எடுத்துக்கொண்டார். அன்றே தற்காலிக ஒப்புதலைக் கொடுத்தார்.

*

மெர்சலின் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் வேலையில் இருந்தவள். பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். பெண்ணின் தகப்பன் கடலில் போய்த் திரும்பாதவர். மேடையில் ஒரு நாற்காலி போட்டு, அதில் அவர் படத்தை வைத்து மாலை சாத்தியிருந்தார்கள். மணப்பெண் அந்த நாற்காலியின் முன் முழந்தாளிட்டு ஆசீர் வாங்கினாள். மெர்சலின் வீட்டுக்கு வந்து, அந்தக் கல்யாணப் புகைப்படத்தில் அந்த மனிதரை மகள் பக்கத்தில் நிற்பதாக வரைந்தாள். வலது செருப்பின் அறுந்த வாரைக் கம்பியால் கட்டியிருப்பார், அதையும் போட்டாள். அந்தக் கம்பியைப் பார்த்துத்தான் குடும்பமே உட்கார்ந்து அழுதது.

அதன்பிறகு எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தார்கள். பேரனைப் பார்க்காமல் போன தாத்தா, வளைகாப்புக்கு இல்லாத அம்மா, பட்டமளிப்புக்கு இல்லாத அண்ணன். ஞாயிறு மாலைப் பூசை முடிந்து வந்ததும் நேரலையில் உட்கார்ந்துவிடுவாள். வரைந்துகொண்டே பேசுவாள், பாதிப் பேச்சு புருஷனைக் கிண்டல் பண்ணுவதாக இருக்கும். "உங்க அத்தான் கப்பலை இழுப்பாரு. சமையக்கட்டுல சிலிண்டரை நகத்தச் சொன்னா முதுகு பிடிச்சிக்கிடுச்சிம்பாரு." ரசிகர்கள் அவருக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்: உப்பத்தான். துறைமுகத்தில் வேலை பார்க்கும் இளவட்டங்கள் வாக்கி-டாக்கியிலேயே அப்படிக் கூப்பிட்டார்கள்.

வரைவதற்கு ஒரு மாலை போதும். ஆனால் ஒரு படத்துக்கு ஒரு வாரம், சில சமயம் ஒரு மாதம் எடுத்துக்கொள்வாள். மற்ற நாளெல்லாம் போன்தான். படத்தில் இறந்தவரோடு யார் யார் நிற்கப்போகிறார்களோ அவர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுவாள். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் நடந்தபடியே பேசுவாள். என்ன பேசுகிறாள் என்று ரெமிஜியுஸ் கேட்டதில்லை. ஆட்களின் சாடை விசாரிப்பதாக நினைத்துக்கொண்டார்.

அவ்வப்போது சிலரிடம், "மன்னிச்சிக்கிடுங்க, இந்தப் படம் என் கைக்கு வரல," என்று சொல்லிவிடுவாள். காரணம் சொல்ல மாட்டாள். தலைக்கனம் ஏறிவிட்டது, ஆள் பார்த்து வரைகிறாள் என்று திட்டிப் பதிவுகள் வரும். அவள் பதில் எழுத மாட்டாள். ஒருமுறை ரெமிஜியுஸே பொறுக்காமல் கேட்டார்: இத்தனை பேருக்கு வருகிற கை அந்த ஒருத்தருக்கு மட்டும் ஏன் வரவில்லை?

"வலையில மீன் விழலன்னா கடலையா கேள்வி கேப்பிய?" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

*

கை வரையத் தொடங்கிய மாதங்கள் ரெமிஜியுஸுக்கு நல்ல மாதங்கள். வீட்டில் அவர் ஒற்றை ஆள். ஞாயிறு மாலை நேரலையில் அந்தக் கோடு காதில் தொடங்குவதைப் பார்த்தால், மெர்சலின் அடுத்த அறையில் இருப்பது போலிருக்கும். கை பேசாது, அதனால் திரைக்குக் கீழே ரசிகர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒரு படம் சில நிமிடங்களில் முடிந்தது. கோயிலில், பூசையின் நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் முன்பின் தெரியாதவர்கள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

வரிசை நீளமாக இருந்தது. முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து பாண்டிமீனா என்ற பெண் அவருக்கு நேரடியாகவே செய்தி அனுப்புவாள். அவள் கணவன் வெளிநாட்டில் வேலை செய்த இடத்திலேயே இறந்துபோனான். அப்போது மகன் பிறக்கவில்லை. அப்பா மடியில் மகன் இருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும். 'அத்தான், எங்க முறை எப்ப வரும்?' என்று கேட்பாள். நிரந்தர ஒப்புதல் முடிந்ததும் வந்துவிடும் என்று ரெமிஜியுஸ் பதில் போடுவார்.

கார்த்திகையில் பெனிட்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை டெரன்ஸ் அவளோடு கடலாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்ப்பவன். கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில் கல்யாணம். செய்தி தெரிந்ததும் சுடர்மதி ஒரு யோசனை சொன்னாள். ஓராண்டு முடிகிறதும் அதே சமயத்தில்தான். கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு ஒரு நேரலை. மணக்கோலத்தில் பெனிட்டா, பக்கத்தில் அவள் அம்மா. கை அதை எல்லோர் முன்னாலும் வரையட்டும். வரைந்து முடித்ததும் ரெமிஜியுஸ் நிரந்தர ஒப்புதல் கொடுக்கட்டும்.

அவருக்கு அந்த யோசனை உடனே பிடித்துப்போனது. கல்யாண மேடையில் நாற்காலியும் மாலையும் வைக்க வேண்டியிருக்குமே என்று அவர் யாரிடமும் சொல்லாமல் மருகிக்கொண்டிருந்தார். மெர்சலின் நிற்கட்டும். மகள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நிற்கட்டும். இந்த வயதில் அவருக்கு வேறு ஆசை இல்லை. பெனிட்டாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், அவளே எதிர்பாராமல் பார்க்கட்டும் என்று முடிவு செய்தார்கள்.

*

டிசம்பரில் ஒரு மத்தியான வேளையில் இசக்கி வந்தாள். பாளையங்கோட்டையில் நர்ஸ். முப்பத்தைந்து வயதிருக்கும். டியூட்டி முடித்து நேரே பஸ் ஏறியிருந்தாள் போல. தோளில் சாப்பாட்டுப் பை அப்படியே தொங்கியது. ரசிகை என்று நினைத்து ரெமிஜியுஸ் உள்ளே கூப்பிட்டு, மெர்சலின் வரைகிற அறையைக் காட்டப் போனார். அவள் அங்கே வரவில்லை. நின்ற இடத்திலேயே போனை எடுத்து நீட்டினாள்.

"இந்தப் படத்தப் பாருங்க அத்தான்."

ஒரு குடும்பம். நடுவில் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர். அவர் வலது கை இசக்கியின் தலைமேல் இருந்தது. காதுமடல் இருவருக்கும் ஒன்று போலவே வளைந்திருந்தது.

"நல்லாத்தானம்மா இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் இசக்கி. "எங்கப்பா சாவுற வரைக்கும் அவ்வொ இருக்க அறையில நான் உக்காந்து சோறு தின்னது கிடையாது."

ரெமிஜியுஸ் போனைத் திருப்பிக் கொடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் அம்மா இதே படத்தை மெர்சலினிடம் கேட்டிருக்கிறார். மெர்சலின் முதலில் இசக்கியின் அண்ணனிடம் பேசினாள், அக்காவிடம் பேசினாள், கடைசியாக இசக்கியிடம் பேசினாள். இசக்கி முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. மெர்சலின் இரண்டாம் முறை, மூன்றாம் முறை கூப்பிட்டாள். ஊர்க்கதை, டியூட்டிக் கதை என்று பேசிக்கொண்டே இருந்தாளாம். அவளுக்கு அவசரமே இல்லை. ஒரு நாள் இசக்கி தானாகவே சொன்னாள். அதுவரை யாரிடமும் சொல்லாததை.

"மறுநாளே எங்கம்மாவுக்குப் போன் பண்ணி, கைக்கு வரலன்னு சொல்லிட்டாவ. எங்கண்ணன் அவ்வொள என்ன பேச்சு பேசுனான் தெரியுமா? பதிவு போட்டு நாறடிச்சான். ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல அக்கா. ஏச்செல்லாம் அவ்வொ வாங்கிக்கிட்டாவ. எங்க வீட்டுல யாரும் என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல."

ரெமிஜியுஸுக்கு அந்தப் பதிவு நினைவிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் அவர் மனைவியிடம் கேள்வி கேட்டார்.

"இப்ப எங்கக்கா புதுவீட்டுப் பால்காய்ச்சு. அவதான் உங்க கம்பெனிக்கு அனுப்பியிருக்கா. டீ குடிச்சு முடிக்கதுக்குள்ள படம் வந்துட்டாம். உப்பக்கா உசுரோட இருக்கும்போது வராதது இப்ப வந்துட்டு பாருன்னு எல்லாருக்கும் சந்தோசம். ஹால்ல மாட்டிருக்காவ. எனக்கு அங்க போயித்தான் தெரியும். அதுக்குக் கீழ என்னிய நிக்க வச்சு போட்டோ எடுத்தாவ." போனைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டாள். "நான் சிரிச்சேன் அத்தான்."

அந்தப் படத்தை இறக்கச் சொல்லிக் கேட்கட்டுமா என்றார் ரெமிஜியுஸ். வேண்டாம் என்று தலையசைத்தாள். இறக்கினால் ஏன் என்று கேட்பார்கள். தன்னுடையது போனது போகட்டும். இன்னொருத்திக்கு வர வேண்டாம், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றாள். அவர் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

*

சுடர்மதியிடம் அன்று மாலையே பேசினார். பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் அவள் எதையோ தேடும் ஓசை கேட்டது.

"எங்ககிட்ட அது இருக்காது சார்," என்றாள் கடைசியில். "அக்கா ஒரு கோடு போட்டு அழிச்சிருந்தாகூட, அழிச்ச கோடு பதிவாகியிருக்கும். போடவே இல்லன்னா கைக்கு எப்படித் தெரியும்? அவங்க வேண்டாம்னு விட்ட ஒரு படம்கூட எங்க பதிவுல கிடையாது. இந்தக் கையைப் பொறுத்தவரைக்கும் அக்கா யாருக்குமே மாட்டேன்னு சொன்னதில்ல."

"பேனாவ வச்சிட்டுப் போன் பேசுன நேரமெல்லாம்?"

"பேனா அசையாத நேரத்தையெல்லாம் வெட்டி எடுத்துட்டோம். வெறும் இடம்னு நெனச்சோம்."

சரிசெய்ய வழியிருக்கிறது என்றாள். படம் கேட்கும்போதே, படத்தில் நிற்கும் எல்லோரும் சம்மதம் என்று அழுத்த வேண்டும் என ஒரு ஏற்பாடு செய்துவிடலாம்.

"அழுத்திருவாகம்மா," என்றார் ரெமிஜியுஸ். "வீடே சுத்தி நின்னு, அப்பா பக்கத்துல நிக்க ஒனக்குச் சம்மதமான்னு கேட்டா எந்தப் பிள்ள இல்லன்னு சொல்லும்?"

சுடர்மதி தொடர்பில்லாதது போல ஒன்றைச் சொன்னாள். அவள் அண்ணன் ஒரு விபத்தில் போனவன். அவள் கல்லூரியில் படிக்கும்போது அம்மா உப்பக்காவிடம் படம் கேட்டிருந்தார். அது இன்றைக்கும் வீட்டில் இருக்கிறது. அவள் இந்த வேலைக்கு வந்ததே அந்தப் படத்தால்தான்.

"எனக்கும் அக்கா போன் பண்ணாங்க சார். ஒரு மணி நேரத்துக்கு மேல பேசினாங்க. அண்ணனைப் பத்தி ஒண்ணுமே கேக்கல. நான் ஒழுங்கா சாப்பிடறேனா, ராத்திரி தூக்கம் வருதா, அவன்மேல கோவம் இருக்கான்னு என்னைப் பத்தியே கேட்டாங்க. அன்பா பேசினாங்கன்னுதான் நெனச்சிருந்தேன். அதுதான் வேலையோட பாதின்னு எனக்குத் தோணவே இல்ல. கையைச் செஞ்சது நான்தான் சார்."

ஒப்புதல் கொடுக்காவிட்டால் கை நின்றுவிடும், காத்திருப்பவர்கள் ஏமாந்து போவார்கள் என்பதையும் அவளே சொன்னாள். ரெமிஜியுஸுக்கு அது தெரியாததில்லை. பாண்டிமீனாவின் செய்தி ஒன்று அப்போதும் அவர் போனில் பதில் இல்லாமல் கிடந்தது.

அதற்குப் பிறகு பல நாள் அவர் மனம் ஒரே இடத்தில் சுற்றியது. மற்றப் படங்கள் என்ன ஆனாலும் ஆகட்டும். பெனிட்டாவின் படம் மட்டும் வந்துவிடட்டும். தன் வீட்டில் அப்படி ஒன்றும் கிடையாதே. மெர்சலின் மகளைக் கைநீட்டி அடித்ததுகூட இல்லை. அம்மா பக்கத்தில் நிற்க எந்த மகளுக்குக் கசக்கும்?

இசக்கியின் அண்ணனும் தன் வீட்டைப் பற்றி இப்படித்தான் நினைத்திருப்பான் என்று பிறகு தோன்றியது. அந்த எண்ணம் வந்தபின் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

*

அந்த ஞாயிறு கோயிலில் பெனிட்டாவுக்கும் டெரன்ஸுக்கும் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்க வேண்டும் என்று சாமியார் படிக்க, சபை மௌனமாக இருந்தது. தடை தெரிந்தவன் எவன் இத்தனை பேர் முன்னால் எழுந்து நிற்பான் என்று ரெமிஜியுஸ் முதல்முறையாக யோசித்தார். அதனால்தான் சாமியாரிடம் தனியாக வந்து சொல்லச் சொல்கிறார்கள்.

பூசை முடிந்து அப்பாவும் சென்னையிலிருந்து வந்திருந்த மகளும் கடற்கரைச் சாலையில் நடந்தார்கள். அவர் மெர்சலின் செய்வது போல ஊர்க்கதையில் தொடங்கினார். டெரன்ஸ் வீட்டார், மண்டபம், சாப்பாடு. பெனிட்டா பாதியிலேயே சிரித்துவிட்டாள்.

"என்னப்பா, சுத்தி வளைக்கிய? கப்பலத் துறைக்குக் கொண்டுவார மாதிரி பக்குவமா வாரிய. என்னன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். கை, நேரலை, அம்மா பக்கத்தில் நிற்கிற படம். ஒனக்கு இஷ்டமா என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதிலுக்கு அவசரமில்லை என்று காட்டிக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

அவளும் கடல் பக்கம் திரும்பி நின்று பேசினாள். "பத்தாப்பு படிக்கும்போது எனக்கு ஸ்கூல்ல ஒரு பிரச்சன. அது இப்ப வேண்டாம், முடிஞ்சுபோச்சு. அம்மாட்டச் சொல்லணும்னு தெனமும் படிக்கட்டுக்குக் கீழ உக்காந்திருப்பேன். மேல செருப்புச் சத்தம் கேக்கும். யாருக்கோ ஆறுதல் சொல்லிக்கிட்டு நடப்பாக. சத்தம் நின்னா இறங்கி வருவாகன்னு காத்திருப்பேன். நிக்கும். ஒடனே அடுத்த போன் வரும்."

"எங்கிட்டச் சொல்லலாம்லா?"

"நீங்க கப்பல்ல இருப்பிய."

அவர் கடலிலிருந்து மகள் பக்கம் திரும்பினார்.

"அம்மா நல்லவுக இல்லன்னு நான் சொல்லலப்பா. எத்தன பேரு எங்கிட்ட வந்து அழுதாக. நானும் பெருமையாத்தான் கேட்டுக்கிட்டேன். ஆனா எனக்கு அம்மாகூடச் சண்ட இன்னும் முடியல. போட வேண்டிய சண்டையப் போடாமலே போயிட்டாக. அந்தக் கை வந்து என் தோள்ல அவுக கைய வச்சிட்டா, எல்லாம் முடிஞ்சமாதிரி ஆயிரும். ஊரே பாத்து அழும். நானும் அழணும்." செருப்பால் மணலைத் தள்ளினாள். "அந்தச் சண்ட எனக்கு வேணும்ப்பா. நானே அவுககூடப் பேசித் தீத்துக்கிடுதேன்."

அவர் மனக்கண்ணில் சில வாரங்களாக இருந்த படம் ஒன்று அங்கேயே கலைந்தது. மகள் தோளில் இருந்த அந்தக் கையைத்தான் முதலில் எடுக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் அதற்குச் செலவானது.

"யாருகிட்டயும் இதச் சொல்லாதீங்க," என்றாள் பெனிட்டா. "அம்மாவப் பத்தி யாரும் ஒண்ணும் பேசக் கூடாது."

"சொல்லல," என்றார் ரெமிஜியுஸ்.

*

ஒப்புதல் கொடுக்கப் போவதில்லை என்று சுடர்மதியிடம் சொன்னார், காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நேரலையை ரத்து செய்துவிடலாமே, ஒரு அறிவிப்பு போதுமே என்றாள். காத்திருக்கிறவர்களிடம் முகத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு, வெயில் தாழும் நேரத்தில், மெர்சலினின் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். 'உப்பத்தான் வந்தாச்சு', 'அத்தான், சிலிண்டரை நகர்த்தினீங்களா?' என்று திரையில் எழுத்துகள் ஓடின. எல்லோரும் கையின் முதல் கோட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

"வணக்கம்," என்றார். "எல்லாரும் எம்மகளோட படத்தப் பாக்க வந்திருக்கிய. மன்னிச்சிக்கிடுங்க. அந்தப் படம் கைக்கு வரல. ஒப்புதலும் நான் குடுக்கப் போறதில்ல. இனிமே இந்தக் கை வரையாது. இது கம்பெனிக்காரங்க தப்பு இல்ல, எம்மகளுக்கும் இதுல சம்பந்தம் இல்ல. எனக்குத்தான் மனசு வரல. என்னைய ஏசிக்கிடுங்க."

திரையில் எழுத்துகள் மறுபடி ஓடத் தொடங்கின. ஏன் என்று கேட்டவர்கள் முதலில். பதில் இல்லை என்று தெரிந்ததும் மற்றவர்கள். பெண்டாட்டி புகழைப் பொறுக்காதவன். இவனுக்கு அவள் அருமை என்ன தெரியும். உப்பக்கா இருந்தால் இப்படி ஏழைபாழைகளைக் கைவிடுவாளா. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அத்தான் என்று கூப்பிட்ட அதே பெயர்கள்தான். அவர் ஒவ்வொன்றையும் படித்தார். இத்தனை வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து மெர்சலின் படித்ததும் இதைத்தான் என்று தெரிந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருத்தியை முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு படித்திருக்கிறாள்.

வசவுகளுக்கு நடுவில் ஒரு வரி வந்து போயிற்று. பாண்டிமீனா எழுதியிருந்தாள்: 'அத்தான், என் மகன் அவன் அப்பாவைப் பார்த்ததே இல்லை. அவனுக்கு நான் என்ன சொல்ல?'

அவளுக்கு யாரோடும் சண்டை இல்லை. அவள் கேட்டதில் தப்பும் இல்லை. அந்த ஒரு வரிக்கு மட்டும் ரெமிஜியுஸிடம் எந்தத் தற்காப்பும் இருக்கவில்லை. நேரலையை அணைத்தார். உட்கார முடியாமல் எழுந்து, வாசலில் கிடந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, போனோடு மாடிக்கு ஏறினார்.

பாண்டிமீனாவைக் கூப்பிட்டார், அவள் உடனே எடுத்துவிட்டாள். பின்னால் ஒரு சின்னப் பையன் எதையோ தட்டி விளையாடும் ஓசை கேட்டது.

"பையன் பேரு என்னம்மா?" என்று கேட்டார் ரெமிஜியுஸ்.

அவள் சொன்னாள். பிறகு அழுதாள். பிறகு கோபப்பட்டாள், உங்களுக்கென்ன, உங்களிடம் அக்காவின் படம் ஆயிரம் இருக்கும் என்றாள். அவர் மறுக்கவில்லை. நின்ற இடத்தில் நிற்க முடியாமல் நடக்கத் தொடங்கினார். கைப்பிடிச் சுவர்வரை போய்த் திரும்பி, தண்ணீர்த் தொட்டிவரை வந்தார். மேற்கே வானம் இன்னும் வெளிச்சமாக இருந்தது. அவன் அப்பாவுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும், எதற்குக் கோபம் வரும், பையனுக்கு அதில் எது வந்திருக்கிறது என்று கேட்டார். இதெல்லாம் கேட்டு என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. படம் வரைய அவருக்கு வராது. அவள் பதில் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

செருப்புச் சத்தம் சிமெண்டுத் தளத்தில் டப் டப்பென்று விழுவது திடீரென்று அவர் காதில் பட்டது. சட்டென்று நின்றார்.

படிக்கட்டில் காலடி கேட்டது. ஏறி வந்த பெனிட்டாவின் கையில் அவள் போன் இருந்தது. வசவுகளை அவளும் படித்திருந்தாள் என்று முகத்தில் தெரிந்தது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்கப் போனார். பேசுங்க என்று கையைக் காட்டினாள். அவர் மீண்டும் நடக்க, பெனிட்டா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வெறுங்காலோடு அவர் பக்கத்தில் நடந்தாள்.